நாற்பத்தொன்றாவது பிரதி

ராயக்கோட்டை சாலையில் டயர் கடைக்கு மாடி.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, மின்சாரம் தனி.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்.
பிறகென்றால் கை கூசும்.

பகலில் எனக்கு மாங்கூழ் ஆலையில் கணக்கு:
பீப்பாய், டன், துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்த சரக்கு.
இரவு ஏழரைக்கு மேல்
கவுஸ் பாஷாவின் கணக்கு.

அவன் விற்பது கம்ப்யூட்டர் விளையாட்டு. அதுவும் பழசு,
வந்து இருபத்திரண்டு வருடம் ஆனது.
மூடுபனியில் ஒரு கப்பல், கரையில் ஒரு விளக்கு,
பாறையில் மோதாமல் சரக்கைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.
ஓசூரில் இழுத்து மூடிய ஒரு கம்பெனிக்கு
எழுபதாயிரம் கொடுத்து உரிமை வாங்கினான்.
கைக்கு வந்தவை ஒரு குறுந்தகடு, ஒரு முத்திரைத்தாள்,
அதை எழுதினவர் இப்போது இன்சூரன்ஸ் பிடிக்கிறார் என்ற தகவல்.

லினக்ஸில் ஓடவைத்து, லினக்ஸுக்கு மட்டும் விற்கிறான்.

"விண்டோஸுக்கும் போடேன்."
"அங்கே திருட்டுப் பிரதி தெருவுக்குத் தெரு. இங்கே போட்டியே இல்ல, அக்கா."
"சந்தை கூடாத நாளில் கடை விரித்தாலும் போட்டி இருக்காது."
சிரித்தான். சிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது அவனுக்கு.

நூறு கம்ப்யூட்டரில் மூன்றோ நாலோ லினக்ஸ்.
அந்த நாலு பேரும் எல்லாமே இலவசமாகக் கிடைத்துப் பழகியவர்கள்.
காசு கொடுத்துக் கப்பல் ஓட்டுபவர் அதில் யார்?
கவுஸ் மின்விசிறியைப் பார்த்தான்.
"சும்மா கிடைக்கிறதுக்கும் காசு அனுப்பறவங்க இவங்கதான்" என்றான்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

விலை நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எட்டு மாதத்தில் நாற்பத்தொன்று.
பாலக்கோட்டில் ஒருவர், பள்ளிக்கூடம் கொடுத்த பழைய மடிக்கணினியில்.
போலந்தில் ஒருவர்.
மொத்தம் எட்டாயிரத்து நூற்று ஐம்பத்தொன்பது ரூபாய்;
இரண்டு மாத வாடகைக்கே எண்ணூற்று நாற்பத்தொன்று துண்டு விழுகிறது.
உரிமைப் பணம் மட்டும் திரும்ப முந்நூற்று ஐம்பத்திரண்டு பேர் வேண்டும்.
இந்த வேகத்தில் ஐந்தே முக்கால் வருடம்.
அதற்குள் லினக்ஸே பலமுறை மாறி
இன்று ஓடுவது ஓடாமல் போகும்,
மறுபடி ஓடவைக்க மறுபடி ராத்திரிகள்.

ஒன்றை அவனிடம் சொல்லவில்லை.
நாற்பத்தொன்றாவது பிரதி என்னுடையது.
சித்தப்பா மகன் சென்னப்பனின் கார்டில் வாங்கினேன்.
பரிதாபம் எல்லாம் இல்லை,
ரசீதில் வரி சரியாக விழுகிறதா என்று பார்க்க.
விழவில்லை.

ஆலைக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான்,
லைசென்ஸுக்கு முதலாளி காசு அவிழ்க்கமாட்டார்.
சீசன் ஓய்ந்த ஆவணி மதியம்,
நாலாம் கட்டத்தில் சங்கு ஊதவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை.
பாறையில் மோதினேன். மூன்று முறை.
சென்னப்பன் பெயரில் காரமாக ஒரு புகார் எழுதினேன்,
பணத்தைத் திருப்பிக் கொடு என்ற வரியோடு.

மறுநாளும், அதற்கு மறுநாளும்,
அதற்கும் மறுநாளும் கவுஸின் கண் சிவந்திருந்தது.
"பர்கூர்லேர்ந்து ஒருத்தன், அக்கா. பொல்லாத ஆள்.
ஆனா சொல்றது சரி."
"நூற்றுத் தொண்ணூற்றொன்பதைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்கு."
"நாலாம் கட்டம் வரைக்கும் போயிருக்கான்" என்றான்.
"அதுவரைக்கும் ஒருத்தர் போவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

செலவுப் பக்கத்தில் மூன்று இரவு என்று எழுதி,
பிறகு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வந்தது.
அலுவலகக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.
ஆலை முழுக்கக் கப்பல் சங்கு.
பீப்பாய் கழுவிக்கொண்டிருந்த முனிலட்சுமி
ஷிப்டு முடிந்ததென்று குழாயை மூடினாள்.

தொழிலுக்கு ஆகாது என்று
நாளைக்குள் அவனிடம் எழுதிக் கொடுக்கவேண்டும்.
ஐந்தாம் கட்டத்தில் விளக்கே எரியவில்லை.
அது பிழையா, ஆட்டமே அப்படியா என்று
தெரிந்துகொண்டு எழுதலாம்.